கவிழ்த்துப் பாருங்கள்: அமெரிக்கக் கலை மட்பாண்டம் சேகரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒஹாயோ மாநிலத்தில் ஒரு பழம்பொருள் கடை. கண்ணாடி அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு சாண் உயரப் பூச்சாடி நின்றது. கருப்பட்டி நிறம். கழுத்துப் பக்கம் இருட்டாகத் தொடங்கி, கீழே வர வரத் தேன் நிறமாக இளகியது. வயிற்றில் மஞ்சள் பான்சிப் பூக்கள். அலமாரியைத் திறக்கச் சொல்லி, இரண்டு கையாலும் எடுத்து, கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் ‘ஆர்’, ‘பி’ என்ற இரண்டு எழுத்துகள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன. அவற்றைச் சுற்றி 11 சிறிய தீச்சுடர்கள். ஓரத்தில், மண் ஈரமாக இருந்தபோதே கூரிய முனையால் கீறிய ‘எல்’, ‘ஏ’.

அந்த 11 சுடர்களுக்குப் பொருள் 1897ஆம் ஆண்டு. அந்த இரண்டு எழுத்துகள் லெனோர் ஆஸ்பரி என்ற ஓவியரின் கையெழுத்து. சின்சினாட்டி நகரத்தின் ருக்வுட் பட்டறையில் 1894 முதல் 1931 வரை வேலை பார்த்த பெண். பிறந்த ஊர், பிறந்த வருஷம், தன்மேல் வரைந்தவர் பெயர் ஆகிய மூன்றையும் அடிவயிற்றில் சுமந்துகொண்டு ஒரு மண் சாடி நூறு வருஷத்துக்கு மேல் கைமாறி என்னிடம் வந்திருக்கிறது. அன்றைக்குத் தொடங்கிய ஆசை இன்னும் குறையவில்லை.

இந்தச் சேகரிப்பில் இறங்க நினைப்பவருக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: சாடியை வாங்கும் முன் சூளையைத் தெரிந்துகொள்ளுங்கள். எந்த ஊர், யார் தொடங்கினார், யார் வரைந்தார், ஏன் மூடியது என்று தெரிந்தால் விலை, போலி, தரம் எல்லாம் பின்னாலேயே பிடிபடும். அதனால் இந்த வழிகாட்டியிலும் முதல் படி வரலாறுதான். அதற்குத்தான் அதிக இடம்.

முதல் படி: சூளைகளின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

கலை மட்பாண்டம் என்றால் சமையலுக்கோ தண்ணீருக்கோ அல்லாமல், பார்த்து ரசிக்கவென்றே செய்யப்பட்ட சாடி, குடுவை, தட்டு, சுவர் ஓடு போன்றவை. அமெரிக்காவில் இதன் காலம் ஏறக்குறைய 1870களின் பிற்பாதியிலிருந்து 1950களின் தொடக்கம் வரை.

விதை விழுந்தது 1876இல், பிலடெல்ஃபியாவில். நாட்டின் நூற்றாண்டு விழாக் கண்காட்சியில் பிரான்சின் ஹாவிலாண்ட் நிறுவனம் ஒரு புது வகைச் சாடிகளை வைத்திருந்தது. நிறம் கலந்த களிமண் குழம்பால் எண்ணெய் ஓவியம்போல வரைந்து, அதன்மேல் மெருகு பூசிச் சுட்டவை. மெருகு என்று நான் சொல்வது, சூளையில் உருகிக் கண்ணாடிபோல் படியும் மேல்பூச்சை; கிளேஸ் என்பார்களே, அதுதான். சின்சினாட்டியிலிருந்து போன பெண்கள் அதைப் பார்த்து அசந்துபோனார்கள். அந்த நகரத்துப் பெண்களிடையே பீங்கானில் படம் வரையும் பழக்கம் ஏற்கெனவே இருந்தது. அவர்களில் மேரி லூயிஸ் மக்லாஃப்லின், யாரும் சொல்லித்தராமல், ஊருக்குத் திரும்பி இரண்டு வருஷத்துக்குள் அந்த நுட்பத்தைத் தானே கண்டுபிடித்துவிட்டார்.

அதே நகரத்தின் இன்னொரு பெண் மரியா லாங்வொர்த் நிக்கல்ஸ். பெரும் பணக்காரக் குடும்பம். அவருடைய தந்தை ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தை வாங்கிக் கொடுக்க, 1880இல் அங்கே சூளை வைத்தார். குடும்பத்தின் பண்ணை வீட்டுப் பெயரையே பட்டறைக்கும் வைத்தார்: ருக்வுட். ‘ருக்’ என்பது காக்கை இனத்துப் பறவை. அதனால்தான் ருக்வுட் பொருள்களில் காகங்களை அடிக்கடி பார்க்கலாம். முதல் சூளை பிரிக்கப்பட்டது அந்த வருஷத்து நன்றி நவிலல் நாளில்.

1883இல் வில்லியம் வாட்ஸ் டெய்லர் நிர்வாகியாக வந்தபிறகுதான் அது முறையான தொழிலாயிற்று. அந்தச் சமயத்தில் லாரா ஃப்ரை என்ற ஓவியர், வாயால் ஊதும் தெளிப்பானைக்கொண்டு ஈர மண்மேல் நிறக் குழம்பைத் தெளித்துப் பார்த்தார். தூரிகையில் வரவே வராத ஒரு மென்மை வந்தது: ஒரு நிறம் முடிந்து இன்னொன்று தொடங்கும் இடமே கண்ணுக்குத் தெரியாது. அதன்மேல் மஞ்சள் சாயலுள்ள பளபளப்பான மெருகு. இதைத்தான் ருக்வுட் ‘ஸ்டாண்டர்ட்’ மெருகு என்கிறோம். என் கருப்பட்டி நிறச் சாடி அந்த வகை. 1889இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் ருக்வுட் தங்கப் பதக்கம் பெற்றது. அதே வருஷம் லாரா ஃப்ரை தன் தெளிப்பு முறைக்குக் காப்புரிமை வாங்கினார். பின்னர் ருக்வுட்மேலேயே வழக்குப் போட்டு, 1898இல் தோற்றார். அவருடைய கண்டுபிடிப்பால் பலர் சம்பாதித்தார்கள். அவருக்கு ஒன்றும் வரவில்லை. பழுப்புச் சாடி எதைப் பார்த்தாலும் எனக்கு அவர் நினைவு வரும்.

1887இல் கத்தாரோ ஷிராயமாதானி ஜப்பானிலிருந்து வந்து சேர்ந்தார். நடுவில் சில ஆண்டுகள் தாய்நாடு போய் வந்தாலும் 1948இல் இறக்கும்வரை ருக்வுட்காரராகவே இருந்தார். தன் பெயரை ஜப்பானிய எழுத்தில் மேலிருந்து கீழாகக் கீறுவார். அந்தக் கையெழுத்தைக் கண்டால் எந்த ஏலக்கூடமும் நிமிர்ந்து உட்காரும்.

சரி, சின்சினாட்டியிலிருந்து கிழக்கே ஜேன்ஸ்வில் போவோம். நல்ல களிமண்ணும் எரிவாயுவும் கிடைத்த ஊர் என்பதால் பட்டறைகள் அங்கே குவிந்தன. சாமுவேல் வெல்லர் 1872இல் பக்கத்து ஃபுல்டன்ஹாமில் பூந்தொட்டியும் ஜாடியும் செய்யத் தொடங்கியவர். பிறகு ஜேன்ஸ்வில்லுக்கு இடம் மாறினார். 1893 சிகாகோ கண்காட்சியில் லோன்ஹூடா என்ற பட்டறையின் பழுப்புச் சாடிகளைப் பார்த்தார். அதன் உரிமையாளர் வில்லியம் லாங்கைத் தன் ஊருக்கு அழைத்துவந்தார். லாங் சீக்கிரமே விலகிப்போனார். நுட்பம் வெல்லரிடம் தங்கிவிட்டது. தன் மகள் லூயிஸின் பெயரையும் வெல்லர் என்பதையும் தன் முதலெழுத்துகளையும் கோத்து ‘லூவெல்சா’ என்று அந்த வகைக்குப் பெயர் வைத்தார். 1898இல் ஜேன்ஸ்வில்லுக்கு வந்த ரோஸ்வில் நிறுவனம் ‘ரோஸேன்’ என்ற பெயரில் அதே பாணியைச் செய்தது. ஆக, பழுப்பு மெருகும் பூவும் இருந்தால் உடனே ருக்வுட் என்று முடிவு கட்டாதீர்கள். புதிதாக வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான்.

1900ஐ ஒட்டிப் பளபளப்பு சலித்துப்போய், மங்கலான மெருகுக்கு மவுசு வந்தது. பாஸ்டனில் வில்லியம் க்ரூபி செய்த பச்சை இதற்கு உச்சம். வெள்ளரிக்காய்த் தோல்போல, ஒளியை உள்ளே வாங்கிக்கொள்ளும் கனத்த பச்சை. கலைப் பள்ளியில் படித்த இளம்பெண்கள் இலைகளைக் கையாலேயே ஒட்டி உருவாக்கினார்கள். க்ரூபி சாடிக்குக் காசில்லாதவர் நியூயார்க் போனால் ஆஸ்டர் பிளேஸ் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்குங்கள். 1904இல் அந்த நிலையம் திறந்தபோது பதித்த பீவர் விலங்கின் ஓடுகள் க்ரூபி செய்தவை. ஆஸ்டர் குடும்பம் பீவர் தோல் வியாபாரத்தில் பணக்காரரானதற்கு அது அடையாளம்.

ஆர்ட்டஸ் வான் பிரிகிள் கதை மனதை உருக்கும். ருக்வுட் ஓவியர். அவர்களே பாரிசுக்கு அனுப்பிப் படிக்கவைத்தார்கள். அங்கே அருங்காட்சியகத்தில் பழைய சீன மங்கல் மெருகைப் பார்த்து, அதைத் திரும்பக் கண்டுபிடிக்க வேண்டும் என்று பிடிவாதம் கொண்டார். ஆனால் காசநோய். 1899இல் உலர்ந்த காற்றைத் தேடிக் கொலராடோ ஸ்பிரிங்ஸ் போனார். 1901இல் அங்கே பட்டறை. 1904இல் 35 வயதில் இறந்தார். மனைவி ஆன் அதைத் தொடர்ந்து நடத்தினார். சாடிகளின் அடியில் இருக்கும் ஒட்டிய இரண்டு ‘ஏ’க்கள் ஆர்ட்டஸும் ஆனும்தான்.

தெற்கே நியூ ஆர்லியன்ஸில், சோஃபி நியூகம் பெண்கள் கல்லூரி 1895இல் ஒரு பட்டறை தொடங்கியது. படித்து முடிக்கும் பெண்கள் தங்கள் கைத்தொழிலால் சம்பாதிக்க வேண்டும் என்பது நோக்கம். சக்கரத்தில் வனைந்தது ஜோசஃப் மேயர் என்ற குயவர், வரைந்தது பெண்கள். பெரும்பாலும் லூசியானாவின் செடிகொடிகளே பொருள். முதலில் பளபளப்பான நீலமும் பச்சையும். 1910இல் பால் காக்ஸ் என்ற மெருகு வல்லுநர் வந்தபின் மங்கல் மெருகு. ஓக் மரத்திலிருந்து தொங்கும் பாசி, பின்னால் நிலா என்ற காட்சியைச் சேடி இர்வின் வரைந்தார். வாங்குபவர்கள் திரும்பத் திரும்ப அதையே கேட்டார்கள். 1940இல் பட்டறை நின்றது.

மிசிசிப்பியின் பிலக்சியில் ஜார்ஜ் ஓர் என்ற குயவர். அந்த மேயரிடம்தான் இவரும் தொழில் கற்றார். மண்ணைத் தாள்போல மெல்லியதாக வனைவார். பிறகு அதைக் கசக்குவார், மடிப்பார், முறுக்குவார். 1894இல் ஊரில் பிடித்த தீயில் பட்டறை எரிந்தது. எரிந்த சாடிகளைத் தூக்கிப்போட மனம் வராமல், எரிந்த குழந்தைகள் என்று சொல்லிப் பாதுகாத்தார். ஊர் அவரைப் பைத்தியக்காரக் குயவர் என்றது. 1918இல் இறந்தபோது ஆயிரக்கணக்கான சாடிகள் விற்காமல் பெட்டிகளில் கிடந்தன. ஏறக்குறைய 50 ஆண்டுகள் கழித்துத்தான் ஒரு பழம்பொருள் வியாபாரி மூலம் அவை வெளியே வந்தன. ஜாஸ்பர் ஜான்ஸ்போன்ற நவீன ஓவியர்கள் அவற்றைத் தேடி வாங்கினார்கள். என்னைக் கேட்டால், இந்த நாட்டில் மண்ணைத் தொட்டவர்களில் இவருக்கு இணை இல்லை.

இன்னும் பல உண்டு. பாஸ்டனில் குடியேறிகளின் மகள்கள் நடத்திய பால் ரிவியர் பட்டறை. சனிக்கிழமை மாலை அவர்கள் கூடிய வாசிப்புக் குழுவிலிருந்து முளைத்தது அது. கலிஃபோர்னியாவில் காசநோய்ப் பெண்களின் மருத்துவ இல்லத்துக்குள் 1911இல் தொடங்கிய அரெக்கிப்பா. டெட்ராய்ட்டில் 1903இல் தொடங்கி இன்றும் சூளை எரியும் பிவாபிக். மிசூரி மாநிலத்தின் யூனிவர்சிட்டி சிட்டியில் அடிலெய்ட் ராபினோ 1910இல் 1,000 மணிநேரம் செதுக்கிய ‘ஸ்காரப்’ பீங்கான் சாடி: முதல் சுடலில் விரிசல் விட்டது, அவரே அதைச் செப்பனிட்டு மறுபடி சுட்டார், அது இன்று நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸில் எவர்சன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

முடிவு எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். 1929க்குப் பின் வந்த பெருமந்தம், மலிவான இறக்குமதி, பிறகு பிளாஸ்டிக். ருக்வுட் 1941இல் திவாலானது. கைமாறி, 1960இல் மிசிசிப்பிக்கு இடம் மாறி, 1967இல் மூடியது. பெயர் பிற்பாடு சின்சினாட்டியில் மறுபடி உயிர்பெற்றிருக்கிறது. வெல்லர் 1948இல், ரோஸ்வில் 1954இல் முடிந்தன.

இரண்டாம் படி: ஒரே ஒரு சூளையைத் தேர்ந்தெடுங்கள்

முதல் ஆறு மாதம் ஒன்றும் வாங்காதீர்கள். சின்சினாட்டி கலை அருங்காட்சியகம், ஜேன்ஸ்வில் கலை அருங்காட்சியகம், நியூ ஆர்லியன்ஸில் நியூகம் அருங்காட்சியகம், பிலக்சியில் ஜார்ஜ் ஓருக்கென்றே உள்ள ஓர்-ஓகீஃப் அருங்காட்சியகம், நியூயார்க்கில் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் அமெரிக்கப் பகுதி. எது பக்கத்தில் இருக்கிறதோ, போய்ப் பாருங்கள். மிகச் சிறந்ததைக் கண் ஒருமுறை பார்த்துவிட்டால் சுமாரானதில் மயங்காது. அப்புறம் எது உங்களை நிற்கவைத்ததோ, அந்தச் சூளையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கையில் பணம் குறைவு என்றால் என் பரிந்துரை ருக்வுட்டின் அச்சு வார்ப்புச் சாடிகள். 1900களின் தொடக்கத்திலிருந்து, ஓவியர் கையெழுத்தில்லாமல், அச்சில் வார்த்து ஒரே மங்கல் நிறத்தில் நிறையச் செய்தார்கள். அவற்றிலும் ஆண்டு முத்திரை இருக்கும், மண்ணும் மெருகும் அதே தரம். சிறியவை நூறு, நூற்றைம்பது டாலருக்கே கிடைப்பதுண்டு. ரோஸ்வில்லின் பிற்கால மலர் வகைகளும் அந்த விலைப் பக்கம்தான். 1930களின் ‘பைன்கோன்’ வகை மட்டும், அதிலும் நீல நிறம், தனி விலை.

கையெழுத்துள்ள பழுப்பு ஸ்டாண்டர்ட் மெருகுச் சாடிகள் ஒரு காலத்தில் விற்ற விலைக்கு இன்று விற்பதில்லை. வீடுகள் வெளிச்சமாகிவிட்டன, இருண்ட சாடியை யாரும் விரும்புவதில்லை. வரலாற்றை நேசிப்பவருக்கு இது நல்ல காலம். தேர்ந்த கையால் வரைந்த 1890களின் ஓவியம் சில நூறு டாலருக்குக் கிடைக்கிறது என்பதை நான் இன்னும் வியப்போடுதான் பார்க்கிறேன்.

நியூகம், க்ரூபி, ஜார்ஜ் ஓர் மூன்றும் ஆயிரக்கணக்கில் போகும். நியூகம்மின் தொடக்கக் காலப் பளபளப்புச் சாடிகள் பல்லாயிரம். அவற்றை முதல் வருஷத்தில் தொடவேண்டாம்.

மூன்றாம் படி: அடிப்பாகத்தைப் படியுங்கள்

ஒரு சிறு பூதக்கண்ணாடியும் கைபேசி டார்ச்சும் எப்போதும் பையில் இருக்கட்டும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்தான் ஆழமில்லாத கீறல் தெரியும்.

ருக்வுட்டில் 1886இல் ஒட்டிய ஆர்-பி முத்திரை மட்டும் இருக்கும். 1887இல் மேலே ஒரு சுடர். பிறகு வருஷத்துக்கு ஒன்று கூடி 1900இல் 14. எனவே சுடர்களை எண்ணி 1886ஓடு கூட்டினால் ஆண்டு. 1901 முதல் 14 சுடர்கள் அப்படியே இருக்க, கீழே ரோமன் எண் வரும்: ஆறு என்றிருந்தால் 1906, இருபத்தைந்து என்றிருந்தால் 1925. அதோடு வடிவ எண் ஒன்றும், அளவைக் குறிக்கும் எழுத்து ஒன்றும் இருக்கலாம். ‘ஏ’ பெரியது, ‘எஃப்’ சிறியது. மெருகைக் குறிக்கும் எழுத்தும் உண்டு. 1904இல் வந்த, பனிமூட்டத்தின் வழியே பார்ப்பதுபோன்ற ‘வெல்லம்’ மெருகுக்கு ‘வி’ (நம் இனிப்பு வெல்லமல்ல, தோல்தாளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்). முத்திரையின் குறுக்கே சாணைச் சக்கரத்தால் கீறிய ஒரு பெருக்கல் குறி இருந்தால், சூளையிலேயே குறை கண்டு இரண்டாம் தரம் என்று ஒதுக்கியது என்று பொருள். விலை குறையும். குறை என்னவென்று உங்கள் கண்ணுக்கே தெரியாவிட்டால் தாராளமாக வாங்கலாம், நான் வாங்கியிருக்கிறேன்.

நியூகம்மில் ‘சி’ எழுத்துக்குள் ‘என்’. ஓவியரின் முதலெழுத்துகள், மேயரின் ஒட்டிய ‘ஜே-எம்’, ஒரு பதிவெண். அந்தப் பதிவெண்ணைக்கொண்டு ஆண்டைக் கண்டுபிடிக்கலாம்.

வான் பிரிகிளில் ஆண்டுதான் எல்லாம். ஆர்ட்டஸ் வடிவமைத்த அச்சுகளிலேயே பல பத்தாண்டுகள் வார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே வடிவம், 1903 என்று கீறியிருந்தால் ஒரு விலை, 1960களில் வார்த்ததானால் வேறொரு விலை. இடையே பத்து மடங்குக்கும் மேல் வித்தியாசம் வரும். தொடக்கக் காலச் சாடிகளில் ஆண்டைக் கையால் கீறியிருப்பார்கள்.

ரோஸ்வில் நிறையக் குழப்பும். 1920களிலும் 1930களின் தொடக்கத்திலும் பல வகைகளுக்குக் காகித ஒட்டு மட்டுமே. அது உரிந்துபோனால் அடி வெறுமையாக இருக்கும். வடிவத்தைக்கொண்டே அடையாளம் காண வேண்டும். பிற்காலத்தில் ‘ரோஸ்வில் யு.எஸ்.ஏ.’ என்று புடைத்த எழுத்தும், வடிவ எண்ணும், அதற்குப் பக்கத்தில் அங்குலக் கணக்கில் அளவும் வந்தன. 8 என்று போட்டிருக்கும் சாடியை அளந்தால் ஏறக்குறைய 8 அங்குலம் இருக்க வேண்டும்.

நான்காம் படி: கையும் காதும் கண்ணும்

நம் ஊர்ச் சந்தையில் பானை வாங்கும் பெண்கள் என்ன செய்வார்கள்? உள்ளங்கையில் நிறுத்தி, விரல் கணுவால் சுண்டிப் பார்ப்பார்கள். அதே முறை இங்கேயும். சாடியை அடியில் தாங்கிக்கொண்டு மெதுவாகத் தட்டுங்கள். முழுசாக இருந்தால் கணீரென்று ஒலிக்கும். விரிசல் இருந்தால் செத்த ஒலி. ஒன்று நினைவிருக்கட்டும்: தடித்த, குறைந்த சூட்டில் சுட்ட சாடிகள் இயல்பாகவே மந்தமாகத்தான் ஒலிக்கும். எனவே காது மட்டும் போதாது.

அடுத்து விளிம்பு. கண்ணை மூடிக்கொண்டு நகத்தை வாய் விளிம்பு முழுக்க ஒரு சுற்று ஓட்டுங்கள். சில்லு பெயர்ந்த இடம் நகத்தில் தட்டும். சில்லை நிரப்பிப் பெயின்ட் அடித்திருந்தால் அந்த இடம் மட்டும் வழுவழுவென்று, கொஞ்சம் கதகதப்பாக இருக்கும். மெருகு கண்ணாடி, எப்போதும் குளிர்ச்சி. பழைய சேகரிப்பாளர்கள் விளிம்பைப் பல்லில் லேசாகத் தட்டிப் பார்ப்பார்கள். கண்ணாடி கடினமாக ஒலிக்கும், பெயின்ட் மெத்தென்று இருக்கும்.

பிறகு புற ஊதா டார்ச். விலை அதிகமில்லை, வாங்கிவிடுங்கள். இருட்டில் சாடிமேல் அடித்தால், பிற்பாடு பூசிய பெயின்ட் சுற்றியுள்ள மெருகிலிருந்து வேறுபட்டு ஒளிரும். சாதாரண டார்ச்சைச் சாடிக்குள் இறக்கி வெளியிலிருந்து பார்த்தால், மெல்லிய சாடிகளில் விரிசல் ஒரு வெளிச்சக் கோடாகத் தெரியும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். இரண்டாவது வருஷம், பச்சை மங்கல் மெருகுச் சாடி ஒன்றை ஒரு வியாபாரியிடம் 400 டாலருக்கு வாங்கினேன். பழுது ஒன்றுமில்லை என்று சொல்லித்தான் கொடுத்தார். மூன்று மாதம் கழித்து டார்ச்சை அடித்தபோது விளிம்பில் கட்டைவிரல் அகலத்துக்கு வெளிறிய நிறத்தில் ஒரு திட்டு. திருப்பி எடுக்க அவர் மறுத்துவிட்டார். ரசீதில் ‘பழுது இல்லை’ என்று எழுதி வாங்கியிருந்தால் நான் வாதாடியிருக்கலாம். அன்றிலிருந்து எழுதி வாங்காமல் 100 டாலருக்கு மேல் எதையும் எடுப்பதில்லை.

எல்லாக் குறையும் குறையல்ல. மெருகில் வலைபோலப் பின்னியிருக்கும் மயிரிழைக் கோடுகள், மண்ணும் மெருகும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால் வருபவை. ருக்வுட்டில் இது மிகச் சாதாரணம். வெல்லம் மெருகில் கோடே இல்லாமல் ஒன்று கிடைத்தால் அதற்குக் கூடுதல் விலை. அடி ஓரத்தில் சாணை பிடித்த சிறு சில்லுகளும் சூளையிலிருந்து வரும்போதே இருந்தவை. ஆனால் மண் வரைக்கும் ஊடுருவி உள்ளும் புறமும் தெரியும் விரிசல் வேறு. அடியில் ஓட்டை இருந்தால் உற்றுப் பாருங்கள். மின்விளக்குத் தண்டாக்க ஒரு காலத்தில் ஏராளமான சாடிகளைத் துளைத்துவிட்டார்கள். துளையின் விளிம்பிலும் மெருகு படிந்திருந்தால் அது பட்டறையிலேயே போட்டது, கவலையில்லை. விளிம்பில் மெருகில்லாத வெறும் மண் தெரிந்தால் பிற்பாடு துளைத்தது. மதிப்பில் பாதிக்கு மேல் போய்விடும்.

ஐந்தாம் படி: போலியைத் தெரிந்துகொள்ளுங்கள்

அதிகம் போலி வருவது ரோஸ்வில்லில். 1990களின் பிற்பாதியில் சீனாவில் வார்த்த நகல்கள் வந்து குவிந்தன. முதலில் வந்தவற்றில் ‘ரோஸ்வில்’ மட்டும் இருந்தது, ‘யு.எஸ்.ஏ.’ இல்லை. பிறகு அதையும் சேர்த்துவிட்டார்கள். எனவே முத்திரையை நம்பாமல் வேலைப்பாட்டைப் பாருங்கள். அசலில் பூவிதழின் ஓரம் கூர்மை, இலை நரம்பு தெளிவு, நிறம் கோட்டுக்குள் அடங்கும். நகலில் எல்லாம் சோப்புக் கட்டி கரைந்ததுபோல மழுங்கியிருக்கும். நிறம் கொஞ்சம் கூவும். அசல் ஒன்றை ஒருமுறை கையில் பிடித்துப் பார்த்தவரை நகல் ஏமாற்றாது.

ஜார்ஜ் ஓரில் சிக்கல் வேறு வகை. அவர் மெருகு பூசாமல் விட்டுச்சென்ற சாடிகள் நிறைய. மெருகு போட்டவைக்கு விலை அதிகம் என்பதால் சிலர் பிற்காலத்தில் அவற்றுக்கு மெருகு பூசிச் சுட்டுவிட்டார்கள். சாடி அசல், கையெழுத்து அசல், மேல்பூச்சு மட்டும் பொய். இதைப் பிரித்தறிய நூற்றுக்கணக்கான அசல்களைப் பார்த்த கண் வேண்டும்; வல்லுநர் சொல்லாமல் வாங்காதீர்கள்.

ஆறாம் படி: எங்கே, எப்படி வாங்குவது

ஒருவர் இறந்தாலோ இடம் மாறினாலோ வீட்டுப் பொருள்கள் அனைத்தையும் வீட்டிலேயே வைத்து விற்பார்கள், எஸ்டேட் சேல். முதல் நாள் காலையில் போனால் தேர்வு அதிகம். கடைசி நாளில் போனால் விலை பெரும்பாலும் பாதி. ஒஹாயோ, இண்டியானா, மிச்சிகன் பக்கம் நல்ல சாடிகள் இன்னும் வீடுகளிலிருந்து வருகின்றன. அவற்றைச் செய்த ஊர்கள் பக்கத்தில் இருந்தவைதானே.

ஏலத்தில் சுத்தியல் விலையோடு ஏலக்கூடத்தின் கமிஷன் சேரும். 25 சதவீதம் வரை சாதாரணம். அதன்மேல் வரி, பொட்டலச் செலவு. 400க்குக் கேட்ட சாடி வீட்டுக்கு வரும்போது 550 ஆகியிருக்கும். உச்ச விலையை எழுதிவைத்துக்கொண்டு, அதில் இந்தச் செலவையெல்லாம் கழித்துவிட்டு, மீதித் தொகை வரை மட்டும் ஏலம் கேளுங்கள். முன்கூட்டியே எழுத்தில் நிலை அறிக்கை கேளுங்கள். வாய் விளிம்பு, உள்பக்கம், அடி ஆகிய மூன்றுக்கும் தனித்தனிப் படம் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

தபாலில் வந்தால் பெட்டிக்குள் பெட்டி அவசியம். இரண்டுக்கும் நடுவே எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலமாவது மெத்தை. விற்பவரிடம் இதை முதலிலேயே சொல்லி, கூடுதல் கட்டணத்தையும் நீங்களே கொடுத்துவிடுங்கள்.

கடையில் பேரம் பேசலாம், மரியாதையாக. இதற்கு உங்களால் முடிந்த விலை என்ன என்று கேட்டால் பத்து சதவீதம் குறைப்பது வழக்கம்.

ஏழாம் படி: வீட்டுக்கு வந்தபின்

கழுவும் தொட்டியில் துண்டு விரித்து, வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் போட்டுக் கையால் கழுவுங்கள். பாத்திரம் கழுவும் இயந்திரம் கூடாது. பிளீச் கூடாது, அது மயிரிழைக் கோடுகள் வழியே மண்ணுக்குள் போய்விடும். பழைய காகித ஒட்டு இருந்தால் அந்தப் பக்கம் தண்ணீரே படவேண்டாம். பெயின்ட் பூசியிருக்குமோ என்று சந்தேகமிருந்தால் ஊறவைக்கவும் வேண்டாம்.

பூ வைக்க ஆசையாகத்தான் இருக்கும். உள்ளே ஒரு கண்ணாடிக் குவளை வைத்து அதில் வையுங்கள்; சாடியில் நேராகத் தண்ணீர் ஊற்றினால் கோடுகள் வழியே கறை ஏறும். உணவோ குடிநீரோ வேண்டவே வேண்டாம், இந்த மெருகுகள் பலவற்றில் ஈயம் உண்டு. தூக்கும்போது கைப்பிடியையோ விளிம்பையோ பிடிக்காமல், ஒரு கை அடியிலும் ஒரு கை வயிற்றிலும் இருக்கட்டும். அலமாரியில் நிறுத்த அருங்காட்சியக மெழுகு என்று ஒன்று விற்கிறது. மூன்று சிறு உருண்டைகள் அடியில் வைத்தால் பூனை இடித்தாலும் நகராது.

கடைசியாக, ஒவ்வொரு சாடிக்கும் ஓர் அட்டை எழுதுங்கள். முத்திரையின் படம், அளவு, வாங்கிய நாள், இடம், விலை, பழுது, முன்பு யாரிடம் இருந்தது என்று விற்பவர் சொன்ன செய்தி. அந்தச் செய்தியை விற்பவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் அது அன்றோடு அழிந்துபோகும். பான்சிச் சாடியை வாங்கிய அன்று நான் கேட்டேன். ஒரு தையற்காரப் பெண்மணியின் வீட்டிலிருந்து வந்தது என்றார் கடைக்காரர். தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்ததாம். உள்ளே பென்சில்கள் இருந்ததாம். அட்டையில் லெனோர் ஆஸ்பரியின் பெயருக்குக் கீழே அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.